சுரங்கக்காரரின் யன்னல் விளக்கும் மொப் தடியில் செய்த மனிதனும்

ரொறன்ரோவின் டிஸ்ரிலரிப் பகுதி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய விஸ்கி வடிசாலை ஒன்றின் செங்கல் கட்டடங்கள் இன்று கடையும் உணவகமுமாக மாறி நிற்கும் இடம். 2010 இலிருந்து அங்கே ஜேர்மன் பாணியில் நத்தார்ச் சந்தை நடத்தத் தொடங்கினார்கள். அங்கு போகிற எங்கட சனம் பெரும்பாலும் மரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடும். நான் நேரத்தைச் செலவழித்தது மரப்பொம்மைகள் வைத்திருந்த ஒரு கடைக்கு முன்னால். பெருவிரல் அளவான ஒரு மரத் தேவதைக்குக் கேட்ட விலைக்கு நான் வேலை செய்கிற உணவகத்தில் இரண்டு பேர் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு ரிப்ஸும் வைத்துவிட்டுப் போகலாம். இவ்வளவு விலை ஏன் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

இந்தப் பொம்மைகளின் ஊர் ஜேர்மனிக்கும் செக் நாட்டுக்கும் எல்லையாக இருக்கிற எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதி. பெயரைத் தமிழாக்கினால் ‘தாதுமலை’ என்று வரும். 1168 இல் அங்கே ஃபிரைபர்க் என்ற இடத்தில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. அதன்பிறகு பல நூறு வருடங்கள் அந்த மலையைக் குடைந்து வெள்ளியும் தகரமும் எடுத்தார்கள். இன்று அந்தச் சுரங்கப் பிரதேசம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது (2019 இல் சேர்த்தார்கள்). பட்டியலில் சேர்க்கும்போது பழைய சுரங்கத்தின் வாசல் அழகாகத்தான் இருக்கும். உள்ளே போய் வேலை செய்தவனுக்கு அது வேறு மாதிரி.

அந்த மலையில் ஸைஃபன் என்று ஒரு கிராமம். தகரம் எடுத்த ஊர். தாது குறையக் குறையக் கூலி குறைந்தது. 1849 இல் சுரங்க வேலை முற்றாக நின்றது. ஆனால் சனம் அதுவரை காத்திருக்கவில்லை. சுற்றிவரக் காடு, ஓடுகிற தண்ணீர். தாது இடிக்கிற பொறிகளைச் சுழற்றிய அதே தண்ணீர் இப்போது கடைசல் பட்டறைகளைச் சுழற்றியது. முதலில் கோப்பை, தட்டு, பொத்தான் போன்ற வீட்டுச் சாமான்கள் கடைந்தார்கள். பிறகு விளையாட்டுச் சாமான். தொழில் போன ஒரு ஊர் முழுதும் வேறு தொழிலுக்கு மாறிய கதை இது. வேலை போனால் என்ன ஆகும், கையில் இருக்கிற வித்தையை எங்கே கொண்டுபோய் விற்பது என்ற கேள்வி எங்களில் கன பேருக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவர் இங்கே வாகனத் தரிப்பிடத்தில் ரிக்கெற் கிழிக்கிறார். ஸைஃபன்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது: ஊரைவிட்டுப் போகாமலே தொழிலை மாற்ற முடிந்தது.

அவர்கள் கண்டுபிடித்த ஒரு முறையைப் பற்றி வாசித்தபோது எழும்பி இருந்துவிட்டேன். ஈரமான பச்சை ஸ்புறூஸ் மரத்தின் குறுக்கு வெட்டுத் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, ஒரு பெரிய வளையமாகக் கடைகிறார்கள். பார்த்தால் பள்ளமும் மேடுமாக ஏதோ சில்லு மாதிரித்தான் இருக்கும். பிறகு அந்த வளையத்தைக் கத்தியால் கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை, அல்லது ஒரு பசு, அல்லது ஒரு யானை! கடைகிறவனுக்கு வேலை செய்யும்போது மிருகம் தெரியாது. குதிரையின் வயிறும் காலும் முதுகும் வளையத்தின் உள்ளேயும் வெளியேயும் எங்கே வரும் என்பது அவன் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரே வளையத்தில் பத்துக்கணக்கில் மிருகங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இந்த முறையைத் தெரிந்தவர்கள் இன்று உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

வித்தை பெரிது, கூலி சிறிது. வளையத்தைப் பிளந்த பிறகு அந்த மிருகத்துக்குக் காது ஒட்டி, வால் ஒட்டி, மூலை சீவி, வர்ணம் பூசுகிற வேலை வீடுகளில் நடந்தது. தாய், தகப்பன், பாட்டி, பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்து இரவிரவாக வேலை செய்வார்கள். உலகத்தில் எங்கேயோ ஒரு பிள்ளை நத்தாருக்கு விளையாட வேண்டும் என்பதற்காக ஸைஃபனில் ஒரு பிள்ளை நித்திரை முழித்தது. அமெரிக்கா இறக்குமதித் தீர்வையை எடைக்கு அறவிட்டபோது, இவர்கள் ஒரு கிராமத்தையே தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகச் செய்து அனுப்பினார்கள். இன்று நாங்கள் ‘எவ்வளவு வடிவு, எவ்வளவு நுணுக்கம்’ என்று தூக்கிப் பார்க்கிற அந்தத் தீப்பெட்டிக் கிராமங்களுக்குப் பின்னால் இருந்தது சுங்க வரிதான். கலைவிமர்சகர்கள் இப்படியான விசயங்களைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

சரி, நத்தாருக்கும் சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு? வெளிச்சம். பனிக்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியமுன் இருட்டில் உள்ளே போவான். வெளியே வரும்போதும் இருட்டு. கிழமைக்கணக்கில் சூரியனைக் காணாத சனம். ரொறன்ரோவில் டிசெம்பர் மாதத்தில் காலை ஷிப்ற்றுக்குப் போய் இரவு வருகிறவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே வீட்டு யன்னலில் விளக்கு வைக்கிறது அவர்களுக்கு வெறும் அலங்காரம் அல்ல. அந்த ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது: வீட்டில் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் மெழுகுதிரி ஏந்திய ஒரு மரச் சுரங்கக்காரன், ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் மெழுகுதிரி ஏந்திய ஒரு மரத் தேவதை. நத்தார்க் காலத்தில் அதை யன்னலில் வைப்பார்கள். தெருவால் போகிறவன் யன்னலைப் பார்த்தே இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிவிடலாம்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட கார்த்திகை விளக்கீடு நினைவுக்கு வந்தது. படலைக்கு முன்னால் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் விளக்கு, கிணற்றடியில் ஒன்று, மாட்டுக் கொட்டிலில் ஒன்று. எங்களுக்கு இடத்துக்கு ஒரு விளக்கு. அவர்களுக்குப் பிள்ளைக்கு ஒரு விளக்கு. அந்தக் கணக்கை எங்கட ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை எங்கே என்று தெரியாமல் இன்னும் தெருவில் படத்தோடு இருக்கிற தாய்மார் எத்தனை விளக்கு வைப்பது?

யன்னலில் வைக்கிற இன்னொரு சாமான் வளைவு விளக்கு. ‘ஷ்விப்போகன்’ என்பார்கள். அரைவட்ட வளைவின் மேல் வரிசையாக மெழுகுதிரி. 1740 என்று ஆண்டு பொறித்த இரும்பு வளைவு ஒன்று அந்தப் பகுதியிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆனால் இன்று கடைகளில் அதிகம் காண்கிற வடிவம், அதாவது நடுவில் இரண்டு சுரங்கக்காரர், ஒருபக்கம் மரம் செதுக்குகிறவன், மறுபக்கம் லேஸ் பின்னுகிற பெண் இருக்கிற வடிவம், 1937 இல் பவுலா ஜோர்டான் என்ற கலைஞர் ஒரு கண்காட்சிக்காக வரைந்தது. 1937 ஜேர்மனியில் யாருடைய காலம் என்று உங்களுக்குத் தெரியும். ‘மக்கள் கலை’, ‘மண்ணின் மரபு’ என்றெல்லாம் அரசாங்கம் உரத்துக் கத்திய காலம். ‘ஆயிரம் வருடப் பாரம்பரியம்’ என்று யாராவது மேடையில் முழங்கினால் நான் இப்போதெல்லாம் மெதுவாக ஆண்டைக் கேட்கிறேன். எங்கட மேடைகளிலும்தான். பழசு இல்லை என்பதற்காக அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வளைவுக்குள் கடவுளும் அரசனும் இல்லாமல் சுரங்கத்தில் வேலை செய்தவனும் லேஸ் பின்னியவளும் நிற்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதேபோலப் பாக்குவெட்டி வேலை செய்கிற கொட்டை உடைப்பான் பொம்மையும். நட்கிராக்கர். பெரிய பல்லும் மீசையுமாக நிற்கிற அந்த மரச் சிப்பாயை 1870 அளவில் ஸைஃபனில் வில்ஹெல்ம் ஃபியூக்ட்னர் என்ற கடைசல்காரர் செய்த வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஹொஃப்மனின் கதை 1816 இலேயே வந்துவிட்டது. சைக்கோவ்ஸ்கியின் பலே நாட்டியம் 1892 இல் வந்தது. கவனித்துப் பார்த்தால் அந்தப் பொம்மைகள் எல்லாம் அரசன், பொலிஸ்காரன், படைவீரன். ஏழைகளை வாழ்நாள் முழுக்க மிரட்டுகிறவர்கள் வருசத்தில் ஒருமுறை ஏழை வீட்டு மேசையில் நின்று வாயால் கொட்டை உடைத்துக் கொடுக்க வேண்டும். நல்ல பகிடி!

அந்தச் சந்தையில் நான் விலை கேட்ட தேவதையின் கதை வேறு. பக்கத்து ஊரான கிரூன்ஹைனிஷனில் கிரேட்டே வெண்ட், மார்கரெட்டே கூன் என்ற இரண்டு பெண்கள் 1915 இல், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பட்டறை தொடங்கினார்கள். இருவரும் கலைக்கல்லூரியில் படித்தவர்கள். அவர்களுடைய தேவதைக்குப் பச்சைச் செட்டை. செட்டையில் பதினொரு வெள்ளைப் புள்ளி. இன்றுவரைக்கும் பதினொன்றுதான். இன்றும் கையால்தான் புள்ளி வைக்கிறார்கள். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1972 இல் கிழக்கு ஜேர்மன் அரசு பட்டறையை எடுத்துக்கொண்டது. 1990 இல் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது. ஆக விலைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு மனிசியோ மனிசனோ இருந்து பதினொரு புள்ளி வைக்கிற கூலி அது. முந்திப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி இப்போது விலையில் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கனடாவுக்கு இந்த மரம் வந்த கதையும் ஜேர்மன்காரர் வழியாகத்தான். 1781 இல் கியூபெக்கின் சொரேல் நகரத்தில், பிரிட்டிஷ் படையோடு வந்த ஜேர்மன் தளபதி ரீடசெலின் வீட்டில் வைத்ததைத்தான் நாட்டின் முதல் கிறிஸ்மஸ் மரம் என்று சொல்கிறார்கள். ரொறன்ரோவில் நத்தாரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது ஈற்றன்ஸ். 1905 டிசெம்பர் 2ஆம் திகதி யூனியன் ஸ்ரேசனில் நத்தார்த் தாத்தாவை இறக்கித் தங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று ஐந்து இலட்சம் சனம் தெருவில் நிற்கிற ஊர்வலத்தின் தொடக்கம் அது. அடுத்த வருடம், 1906 இல், ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை ஏழைப்பிள்ளைகளுக்குப் பரிசுப்பெட்டி கொடுக்கும் நிதியத்தைத் தொடங்கியது. அதுவும் இன்றுவரைக்கும் நடக்கிறது. முதலாம் உலகப்போருக்கு முன்னர் உலகத்து விளையாட்டுச் சாமான் சந்தையில் பெரும்பங்கு ஜேர்மனியின் கையில். 1914 இல் யுத்தம் வந்தது. எதிரி நாட்டுப் பொம்மை கப்பலேறவில்லை. ஸைஃபனில் வர்ணம் பூசிய பையன்களும் இங்கே அந்தக் குதிரையோடு விளையாடிய பையன்களும் பிறகு பிரான்சின் பதுங்குகுழிகளில் எதிரெதிரே இருந்தார்கள்.

நாங்கள் சைவக்காரர். ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை முழுக்கக் கத்தோலிக்கர். ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயரின் ‘நத்தால்’. மேசை, அலுமாரி, சப்பாத்து வந்த அதே கப்பலில் வந்தது. அங்கே நத்தார் என்றால் மரத்தைவிடப் பாலன் குடில்தான் முக்கியம். சீமெந்துப் பையைக் கசக்கி, சாம்பலும் மையும் பூசிக் குகை; சிரட்டையில் முளைக்கவைத்த நெல்லுத்தான் புல்வெளி; கண்ணாடித் துண்டு குளம். சவுக்கங் கொப்பு மரம். 1990 க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி, பெற்றோல், சீமெந்து எல்லாம் தடை. சீமெந்து வராவிட்டால் சீமெந்துப் பையும் வராது. முந்திய வருசத்துக் குகையைக் கவனமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்து அடுத்த வருசமும் விரிப்பார்கள். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. பக்கத்துவீட்டுத் தச்சுவேலைக்காரர் ஒருவர் பூவரசங் கட்டையில் ஆடும் மாடும் செதுக்கிக் கொடுத்தார். வர்ணம் வாங்க வழியில்லை, மாட்டுக்குக் காவி, ஆட்டுக்குச் சுண்ணாம்பு. மூன்று ராசாக்களில் ஒருவருக்கு ஒட்டகம் கிடையாது, அவர் சைக்கிளில் வந்திருப்பார் என்று பெடியள் சொல்லுவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அந்த ஆடுமாடுகளை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

மரத்தில் வர்ணம் ஏற்றுகிற வித்தை எங்கள் பக்கத்தில் இல்லாததல்ல. இதை முதலில் முறையாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் எங்கட ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். அவர் படித்தது நிலவியல். 1903 இலிருந்து 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்குப் பணிப்பாளர். கல்லும் தாதுவும் தேடி ஊரூராக அலைந்தவர் அங்கேயிருந்த கைவினைஞர்களைக் கண்டு தொழிலையே மாற்றிக்கொண்டார். தாதுமலைக்காரர் மாதிரியே, கனிமத்திலிருந்து மரத்துக்கு! 1908 இல் அவர் வெளியிட்ட மத்தியகால சிங்களக் கலை பற்றிய பெரிய நூலில் கண்டிப் பகுதியின் அரக்கு வேலையையும் விபரித்திருக்கிறார். மாத்தளைப் பக்கத்தில் தூரிகை இல்லாமல், சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து விரல் நகத்தால் மரத்தில் பதித்துக் கோலம் போடுவார்கள். அந்த நூலை அவர் இங்கிலாந்தில் வைத்து வில்லியம் மொறிஸின் அச்சு இயந்திரத்தில் அச்சிட்டார். 425 பிரதிதான். ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனின் பிள்ளை சிங்களக் கைவினைஞருக்காக அந்த உழைப்பு உழைத்திருக்கிறார் என்பதை இரண்டு பக்கத்தாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இந்தியாவில் பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் இருக்கிற சென்னபட்டணாவும் இதே குடும்பம்தான். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வர்ண அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவது. இந்தப் பட்டறைகள் இப்போது வெளிநாட்டுக் கிறிஸ்மஸ் மரங்களுக்கும் உருண்டையும் மணியும் செய்து அனுப்புகின்றன. பெரும்பாலும் முஸ்லிம் கைவினைஞர்கள் செய்து, கிறிஸ்தவரின் பண்டிகைக்கு விற்கிறார்கள். எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. சமயம் யாருடையதாக இருந்தாலும் மரம் மரம்தான்.

இவ்வளவும் வாசித்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்கிற நண்பனின் மகளுக்கு, வயது ஏழு, வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்கிற ஒரு சோடனை, வீட்டில் செய்தது, வகுப்பு மரத்தில் தொங்கவிட வேண்டும். நண்பனுக்கு இரண்டு வேலை. “அண்ணை, நீங்கள் உதுகளைப் பற்றித்தானே எந்நேரமும் கதைக்கிறியள், ஒண்டு செய்து குடுங்கோவன்” என்றான்.

உணவகத்தில் மொப் தடி ஒன்று முறிந்திருந்தது. நல்ல பைன் மரம், உருண்டை. முதலில் பழைய மர அகப்பைக் காம்பைத்தான் பார்த்தேன். அது எண்ணெய் ஊறியது, அக்ரிலிக் வர்ணம் அதில் பிடிக்காது. மொப் தடியில் மூன்று அங்குலம் அரிந்து உடம்பு. டொலர் கடை மரமணி தலை. ஐஸ்கிறீம் குச்சி கை. நத்தார்க் காலத்தில் கிளெமென்ரைன் தோடம்பழம் வருகிற மெல்லிய மரப்பெட்டி இருக்கிறதே, அதன் பலகையில் ஒரு வட்டம் வெட்டிக் கோப்பை. எல்லாவற்றையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு ஒன்று பூசி ஒரு இரவு காயவிட்டேன். அடிப்பூச்சு இல்லாமல் பூசினால் பைன் மரம் வர்ணத்தைத் திட்டுத்திட்டாகக் குடித்துவிடும். பிறகு மண்ணிற முகம், கறுப்பு மீசை, நீல ஏப்ரன். புள்ளிக்குத் தூரிகை வேண்டாம், பல்குத்தும் குச்சியின் நுனியை வர்ணத்தில் தொட்டு நேராக வைத்து எடுத்தால் வட்டமாக விழும். ஏப்ரனில் ஏழு வெள்ளைப் புள்ளி, சவர்க்கார நுரை. பதினொன்று அந்தப் பெண்களுடையது; இது பிள்ளையின் வயது.

நண்பன் அதைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தான். அவன் கோப்பை கழுவுகிறவன். பன்னிரண்டு வருசமாக.

“அண்ணை, நல்லாத்தான் இருக்கு. ஆனா உந்தக் கோப்பையை எடுத்துப்போட்டு ஒரு புத்தகத்தைக் குடுத்துவிடுங்கோ.”

“ஏன்?”

“மற்றப் பிள்ளையள் டொக்ரர் எண்டும் பயர்மான் எண்டும் கொண்டுவருவினம். இவள் போய் என்ர கோப்பையைத் தொங்கவிடுறதோ?”

சுரங்கக்காரர் யன்னலில் வைத்த கதையை அவனுக்குச் சொன்னேன். அவர்கள் தங்களுடைய தொழிலைத்தான் விளக்கோடு வைத்தவை என்றேன். “அது அவையின்ர நாடு, அண்ணை” என்றான். நான் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸைஃபனில் எல்லா யன்னலிலும் சுரங்கக்காரன்தான், எவனும் தனியாக நிற்கவில்லை. இங்கே இருபத்தைந்து பிள்ளைகளின் மரத்தில் கோப்பையோடு தொங்கப்போவது ஒரே ஒரு ஆள்.

பிள்ளையிடம் கேட்போம் என்று முடிவானது. அவள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீசை சரி, ஏப்ரன் சரி. பிறகு முகம் சுளித்தாள்.

“மாமா, கை பிழை.”

“என்ன பிழை?”

“அப்பாவின்ர கை எப்பவும் ஈரம். இது காஞ்சிருக்கு.”

வார்னிஷ் எடுத்து இரண்டு கையிலும் மட்டும் ஒரு பூச்சுப் பூசினேன். காய்ந்த பிறகும் போதாது என்றாள். இரண்டாம் பூச்சுக்குத்தான் மினுங்கியது. கோப்பை அப்படியே இருந்தது. காலையில் எங்கள் உணவகத்துச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் அதைக் கொண்டுபோனாள். நண்பன் அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கதைக்கவில்லை. பெட்டிக்குள் கை முறியாமல் இருக்க நாலு பக்கமும் நப்கின் சுருட்டி வைத்தது அவன்தான்.